பின் இருக்கையில் உருண்ட ஆரஞ்சு

கியர்பாக்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என்னைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருப்பார்கள். ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் ஸ்கூடாயில் இருபத்தெட்டு வருடம் பட்டறை நடத்தியவர், காதால் கேட்டே கியர்பாக்ஸின் கோளாறைச் சொல்லிவிடுவார் என்று. அந்தப் பேச்சை ஊருக்குள் கிளப்பிவிட்டவனே நான்தான். இப்போது அந்தக் காதுகளில் ஒன்றில் ஒரு சின்னக் கருவி உட்கார்ந்திருக்கிறது. காதைச் சோதித்த டாக்டர் பெண், "அங்கிள், இது இன்னைக்கு நேத்து போனதில்ல. பத்து வருஷமாவே கொறைஞ்சிக்கிட்டு வந்திருக்கணும்" என்றார். அவர் பத்து வருடம் என்றதும், அந்தப் பத்து வருடத்தில் எந்தெந்தக் காரையெல்லாம் கேட்டேன் என்று மனத்துக்குள் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

என் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. கியர் இடிக்கிறது, உதைக்கிறது என்று யார் வந்தாலும் காரை நான் தனியாகத்தான் ஓட்டிப் பார்ப்பேன். சொந்தக்காரர் பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கூட வந்தால் பேசுவார், பேசினால் எனக்குக் கேட்காது. ரேடியோவை அணைப்பேன், எங்கள் ஊரில் ஏர்கோன் என்கிற ஏசியை அணைப்பேன், நான்கு கண்ணாடிகளையும் இறக்குவேன். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் வழுவழுப்பான ஒரு சாலை உண்டு, நடுவில் ஒரு சின்ன மேடு, வண்டி நடமாட்டம் குறைவு. அதில் ஒரு சுற்று போய்வந்து, கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்பு சொல்வேன். அதைச் சொல்லும்போது என் முகத்தில் ஒரு களை வரும் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். பாராட்டிச் சொன்னாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இந்தச் சட்டம் சரியில்லை என்பதற்கு எனக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. ஒருமுறை நான் தனியாக ஓட்டிப் பார்த்த ஒரு காரில் இரண்டாவது கியர் விழும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம். கியர்பாக்ஸுக்குள் ஏதோ உடைந்திருக்கிறது என்று சொல்லி, அடிப்பாகம் முழுவதையும் கழற்றிப் பரப்பிவிட்டேன். சாயங்காலம் சொந்தக்காரரின் மனைவி வந்து, ஸ்பேர் டயர் குழிக்குள் கையை விட்டு, "இங்கதான் இருந்துச்சா, வீடு பூரா தேடுனேன்லா" என்று ஓர் அன்னாசி டின்னை எடுத்தார். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஸ்பேர் டயர் குழியைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான்.

இனி தேவகியின் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் வெளியில் அதிகம் சொன்னதில்லை.

தேவகி, வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் சிம்பாங் ரெங்கம் ஊர்க்காரர். அவர் கணவர் குணசேகரன் முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அவருக்கு முதுகெலும்பில் ஓர் ஆபரேஷன் நடந்து, நடப்பதே பாடாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை ஜொகூர் பாருவில் மருத்துவமனைக்குப் போய் உடற்பயிற்சிச் சிகிச்சை எடுத்தால் மறுபடி நன்றாக நடக்கலாம், விட்டுவிட்டால் கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் ஏழு பேர் உட்காரும் எஸ்.யு.வி. ஒன்று நின்றது, ஓட்டத்தான் ஆள் இல்லை. அதனால் ஐம்பத்து மூன்று வயதில் தேவகி லைசென்ஸ் எடுத்தார். இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை ஜெயித்ததாக, முதல்முறை பட்டறைக்கு வந்த அன்றே என்னிடம் சொன்னார். சொல்லும்போது லைசென்ஸைக் கைப்பையிலிருந்து எடுத்தே காட்டினார்.

"என்னம்மா கோளாறு?" என்று கேட்டேன்.

"நிக்கப் போறப்ப ஒரு இடி, கெளம்புறப்ப ஒரு இடிண்ணே. எனக்குப் பரவால்ல. இவருக்கு முதுகுல யாரோ அறையிற மாதிரி இருக்குதாம்."

முன் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்த குணசேகரன் தலையை மட்டும் திருப்பினார். "போமன், இது கியர் மாறுற எடத்துல இல்ல. கீழேருந்து வருது. முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவன் சொல்றேன்லா."

எங்கள் ஊரில் மெக்கானிக்கைப் போமன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயுசு முழுக்க வண்டி ஓட்டிய ஒருவர், வலிக்கிற முதுகை அந்த இருக்கையில் வைத்துக்கொண்டு, இடி எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறார். அதைவிட நல்ல ஸ்கேனர் உலகத்தில் கிடையாது. நான் அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க போயி கோப்பி குடிங்க, நான் பாத்துக்கிறேன்." அவரைக் காரிலிருந்து இறக்கிக் கோப்பிக் கடை நாற்காலியில் உட்கார வைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. தேவகி ஒருபக்கம் தாங்க, கடைக்காரர் மறுபக்கம் தாங்கினார். நான் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

என் சாலையில் ஒரு சுற்று போனேன். பட்டுப் போல ஓடியது. இருந்தாலும் கியர் ஆயில் கருத்திருந்தது, மாற்றிக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார்கள், அதே இடி. மறுபடி தனியாக ஒரு சுற்று, மறுபடி பட்டு. இந்தத் தடவை கியர்பாக்ஸைத் திறந்து வால்வ் பாடியைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். அது கழுவாமலேயே சுத்தமாகத்தான் இருந்தது. மூன்றாம் முறை வந்தபோது குணசேகரனின் தம்பி மோகனும் கூட வந்திருந்தார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தேன், ஒரு பிழையும் காட்டவில்லை. ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது கோப்பிக் கடையிலிருந்து எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் என்னிடம் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒன்று, "என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை." சின்ன வாக்கியம்தான், ஆனால் இருபத்தெட்டு வருடப் பெயரை வைத்துக்கொண்டு அது தொண்டையை விட்டு வெளியே வராது. அதனால் இரண்டாவதைச் சொன்னேன்.

"கியர்பாக்ஸ் நல்லா இருக்கு. உங்க கால்தான் தங்கச்சி. புதுசா ஓட்டுறீங்கல்ல, பிரேக்க சட்டுனு அமுத்துறீங்க, சட்டுனு விடுறீங்க. அதான் இடிக்குது."

தேவகி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல. மோகன், "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி" என்று நான் மேசைமேல் வைத்த கார்ச் சாவியை எடுத்துத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். குணசேகரன் மட்டும், "அவ கால் நல்ல கால்தான்" என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, காதுக்குப் பேர் போன நான் உட்பட.

அதன் பிறகு அந்தக் கார் பட்டறைக்கு வரவில்லை. வராததால் நோய் தீர்ந்தது என்று நானே முடிவு செய்துகொண்டேன். நம் தொழிலில் எல்லாரும் செய்யும் காரியம் இது. வண்டி திரும்பி வரவில்லை என்றால் நாம் ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. பல நேரம் அவர்கள் நம்மை விட்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

மூன்று மாதம் கழிந்திருக்கும். ஜொகூர் பாருவில் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணம், எனக்கும் அழைப்பு இருந்தது. என் கார் வழக்கம்போல என் பட்டறையிலேயே கியர்பாக்ஸ் இல்லாமல் முட்டுக்கட்டை மேல் நின்றுகொண்டிருந்தது. போமன் வீட்டுக் கார் என்றைக்கு ஓடியிருக்கிறது? பட்டறை வாசலில் பட்டு வேட்டியோடு டாக்சிக்காக நின்றபோது, டயருக்குக் காற்றடிக்க அந்த எஸ்.யு.வி. வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மோகன். அவர்களும் அதே கல்யாணத்துக்குத்தான்.

"போமன், ஏறுங்க, ஒரு எடம் காலியா இருக்கு. சேந்தே போயிரலாம்."

காலியாக இருந்தது கடைசி வரிசையில் ஓர் இடம். முன்னால் மோகனும் குணசேகரனும், நடுவில் தேவகியும் மோகனின் மனைவியும் மகளும், கடைசியில் மோகனின் மாமியாரும் நானும். மாமியாரின் மடியில் இருந்த ஆரஞ்சுத் தட்டு, நான் உட்கார்ந்ததும் மரியாதையாக என் மடிக்கு மாறியது. நல்ல உச்சி வெயில். ஏர்கோன் முழு வேகத்தில் இரைந்தது. அந்த வண்டியில் அப்படி நான் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"முதுகு எப்படி இருக்கு குணா?" என்று பின்னாலிருந்து கத்திக் கேட்டேன்.

"எங்க போமன்… தம்பிக்கு சிங்கப்பூர்ல வேலை. லீவு கெடைக்கிறப்ப அழைச்சிட்டுப் போறான். மாசத்துக்கு ஒரு தடவ, ரெண்டு தடவ."

வாரத்துக்கு இரண்டு தடவை போக வேண்டிய மனிதர். "தங்கச்சி ஓட்டலையா?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஸ்கூடாய் நெரிசலில் முதல் சிவப்பு விளக்கு வந்தது.

டும்!

இருக்கைக்கு அடியில் யாரோ கட்டையால் குத்தியது போல இருந்தது. முன்னால் குணசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றார். என் மடியிலிருந்த தட்டில் ஓர் ஆரஞ்சு உருண்டு, நடு வரிசைக்குக் கீழே போய்விட்டது. பச்சை விளக்கு விழுந்தது, வண்டி கிளம்பியது. டும்! இன்னோர் ஆரஞ்சு.

தேவகி குனிந்து இரண்டு ஆரஞ்சையும் பொறுக்கினார். மெதுவாகப் பின்னால் திரும்பி, அவற்றை என் தட்டில் ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"இது யாரு காலுண்ணே?"

முன்னாலிருந்து மோகன்தான் எனக்காகப் பதில் சொன்னார். "அண்ணி ஓட்டி ஓட்டி வண்டியக் கெடுத்து வெச்சிட்டாங்க போமன். இப்ப நான் ஓட்டுனாலும் இடிக்குது." பாருங்கள், நான் சொன்ன ஒரு பொய் எப்படிச் சொந்தக் காலில் நடக்க ஆரம்பித்திருக்கிறது. இடி நின்றால் தேவகியின் கால் தப்பு, நிற்காவிட்டாலும் தேவகியின் கால் தப்பு.

அடுத்த விளக்குக்குள் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "தம்பி, ஏர்கோன ஒரு நிமிஷம் அணைப்பா" என்றேன்.

"அலாமாக், மேக்கப் பூரா கரைஞ்சிரும்லா!" என்றார் மோகனின் மனைவி. இருந்தாலும் அணைத்தார்கள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. இடி இல்லை. கிளம்பியது, இடி இல்லை. "போடு" என்றேன். டும். "அணை" என்றேன். இல்லை. மாமியார் விசிறிக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆரஞ்சுகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நான் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஏர்கோன் ஓடும்போது எஞ்சினுக்குச் சுமை கூடும். நிற்கும்போதும் அது கொஞ்சம் வேகமாக ஓடி, பிரேக்கை எதிர்த்து வண்டியை முன்னுக்குத் தள்ளும். ஏழு பேர் ஏறியிருந்தால் கிளம்பும்போது இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் ஒன்று கிழிந்திருந்தால் போதும், மொத்த எடையும் தூக்கித் தூக்கி வண்டியின் அடிச்சட்டத்தில் போய் மோதும். கியர்பாக்ஸ் பாவம், எதுவும் செய்யவில்லை. நான் மூன்று தடவையும் காலி வண்டியை, ஏர்கோனை அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கே இல்லாத சாலையில் ஓட்டினேன். இடி வருவதற்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் நான் ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டுத்தான் இடியைத் தேடப் போயிருக்கிறேன். சத்தம் கேட்பதற்காக!

இது புரிந்த பிறகு மண்டபம் போய்ச் சேரக் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் நான் நினைத்ததை உங்களிடம் மறைக்க மாட்டேன். "திங்கக்கெழம கொண்டாங்க, பாக்கிறேன்" என்று சொன்னால் போதும். மவுண்டிங்கை மாற்றிவிட்டு, இப்போதுதான் கிழிந்தது என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாது, என் காதும் காப்பாற்றப்படும். நல்ல யோசனையாகத்தான் பட்டது. சொல்ல வாயையும் திறந்துவிட்டேன்.

அதற்குள் மண்டப வாசலில் கார் நின்றது. குணசேகரன் இறங்கினார். மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டு பேர் தாங்கினால் அடி எடுத்து வைத்த மனிதர், இப்போது இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தார். தேவகி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எந்தப் பெரிய வார்த்தையும் அதற்கு இல்லை.

"மோகன், பானட்டத் தொற" என்றேன்.

"இப்பவா போமன்? மாப்பிள்ளை ஊர்வலம் வருது."

"தொறப்பா. ஏர்கோனப் போட்டு, பிரேக்க நல்லா அமுத்திக்க. கியர டிரைவ்ல போடு, எடு."

போட்டார். எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பி, டும் என்று விழுந்தது. எடுத்தார், மறுபடி டும். நாதஸ்வரக்காரர்கள்கூட வாசிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள் என்று என் மனைவியிடம் பிறகு சொன்னேன். அவள் நம்பவில்லை. எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, பட்டு வேட்டியோடு தரையில் மண்டியிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் அடியில் பார்த்தேன். பின்பக்க மவுண்டிங் குறுக்கே கிழிந்து இரண்டு துண்டாக இருந்தது. ஓரமெல்லாம் பழைய அழுக்கு ஏறிக் கருத்திருந்தது. இன்று நேற்றுக் கிழிந்ததல்ல.

எழுந்து நின்றேன். வேட்டியில் முழங்கால் இருந்த இடத்தில் இரண்டு கறுப்பு வட்டம். உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது. பழியைப் போட்டதும் ஆள் பார்க்கத்தானே?

"கியர்பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல. தங்கச்சி காலுலயும் ஒண்ணும் இல்ல. மொத நாளே இந்த ரப்பர் கிழிஞ்சிதான் இருந்திருக்கு. குணா அன்னைக்கே கீழேருந்து வருதுன்னு சொன்னாரு, நான் கேக்கல. எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல, அதனால தங்கச்சி மேல பழியப் போட்டேன்."

மோகன் என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். தேவகி கையை மட்டும் நீட்டினார். மோகனுக்குச் சாவிக்கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்தது, வளையம் இறுக்கமாக இருந்தது. தேவகி கையை மடக்காமல் அப்படியே நின்றார். மூன்று மாதம் காத்திருந்தவருக்கு அது ஒரு நேரமா?

உங்களுக்கு என்னிடமிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், கிழிந்த மவுண்டிங்கை விட்டுவிடுங்கள். அதை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். எங்கே வலிக்கிறது என்று சொல்கிறவரின் இருக்கையில் போய் உட்காருங்கள், அவர் போகிற சாலையில், அவர் போகிற மாதிரி. அப்படியும் தெரியவில்லையா? தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பெயர் கொஞ்சம் கெடும். என் பெயர் பிறகு எப்படிக் கெட்டது என்று பார்த்தீர்கள் அல்லவா, அதைவிடக் குறைவாகத்தான் கெடும்.

அடுத்த வாரமே புது மவுண்டிங் போட்டேன். அதன் பிறகு ஒருநாள் மருத்துவமனைக்குப் போகும் வழியில் தேவகியும் குணசேகரனும் பட்டறைக்கு வந்தார்கள், ஓட்டி வந்தவர் தேவகி. பட்டறையின் சட்டத்தை நானே உடைத்து, "நானும் வர்றேன், ஒரு சுத்து" என்று நடு வரிசையில் ஏறிக்கொண்டேன். அதே ஸ்கூடாய் நெரிசல், அதே வெயில், ஏர்கோன் இரைந்துகொண்டிருந்தது. முதல் சிவப்பு விளக்கில் நின்றோம். ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. எனக்குத் திருப்தியாக இல்லை. இருபத்தெட்டு வருடப் பழக்கம், உள்ளே வேறு ஏதாவது சத்தம் இருக்கிறதா என்று நன்றாகக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. என்னை அறியாமல் முன் இருக்கைகளுக்கு நடுவே கையை நீட்டி ஏர்கோனை அணைக்கப் போனேன்.

தேவகி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார்.

"கைய எடுங்கண்ணே. இவருக்கு வேர்க்கும்."

கண்ணை மூடிச் சாய்ந்திருந்த குணசேகரன், மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீங்க போயி கோப்பி குடிங்க போமன். நாங்க பாத்துக்கிறோம்."

தேவகி சிக்னல் போட்டு, சாலையோரம் இருந்த ஒரு கோப்பிக் கடை வாசலில் உண்மையாகவே என்னை இறக்கிவிட்டுப் போனார். கார் நின்றதும் தெரியவில்லை, கிளம்பியதும் தெரியவில்லை.